பன்னிரண்டு முழம் துவைகல் சத்தம்

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு குரலாக வேலை பார்த்தேன். சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் அதுதான் என் உத்தியோகம். கோடைக்கானலில் ஏப்ரல் பிறந்தால், கீழ்நாட்டு வெயிலுக்குத் தப்பி மலையேறி வரும் வெள்ளைக்காரப் போதகர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் தமிழ் சொல்லித்தர ஒரு பள்ளி நடந்தது. காலையில் முன்ஷி பாடம் எடுப்பார். பிற்பகலில் அவர்கள் டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, அதில் வரும் குரலோடு சேர்ந்து சொல்லிப் பழக வேண்டும். அந்தக் குரல் என்னுடையது. "இது மேசை. மேசை எங்கே இருக்கிறது? மேசை அறையில் இருக்கிறது." பக்கத்து அறையில் இருந்துகொண்டு இதை நாள் முழுக்கக் கேட்பேன். சில நாள் எழுந்து போய் அந்த மேசையைத் தூக்கி ஏரியில் போட்டுவிட்டு வரலாமா என்றிருக்கும்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சாப்பிடும்போதே பாதியில் எழுந்து சன்னலுக்குப் போவேன். ஜெபம் முடிவதற்குள் கால் செருப்பைத் தேடும். மலையில் பிறந்தவளுக்கு மலை போதும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் போதவில்லை. பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ் கிளம்புவதைப் பார்த்தாலே கால் அதன் பின்னால் நாலு எட்டுப் போய்விடும். எங்கே போக வேண்டும் என்று கேட்டால் பதில் தெரியாது. போக வேண்டும், அவ்வளவுதான்.

"ஒனக்குக் காலுல சக்கரத்தக் கட்டி விட்டுட்டாரு ஆண்டவரு" என்பாள் அம்மா. "என்னையக் கல்லோட கட்டிப் போட்டுட்டாரு."

அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் சலவை வேலை பார்த்தாள். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கீழே ஓடையோரம் இரண்டு துவைகற்கள் எதிரும் புதிருமாகக் கிடந்தன. ஒன்று அம்மாவுடையது. எதிர்க் கல்லில் ஓர் அத்தை நிற்பாள். சொந்த அத்தை இல்லை. பதினோரு வருஷம் அம்மாவுக்கு எதிரே நின்று துவைத்தவள், அதனால் எதிர்க்கல் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அம்மா ஓர் அடி அடித்தால் அடுத்த அடி அத்தையுடையது. இருவரும் ஒரே நேரத்தில் அடித்து நான் கேட்டதே இல்லை. சேர்ந்து அடித்தால் தண்ணீர் இரண்டு பேர் கண்ணிலும் தெறிக்கும், அதற்காக வந்த பழக்கம்.

பள்ளியை நடத்தியவர் ஓர் அமெரிக்கப் போதகர். நாங்கள் ஐயா என்போம். அவர் தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர், காய்கறிக்காரியிடம்கூட "நீர் எங்கிருந்து வருகிறீர்" என்று கேட்பார். டேப் ரிக்கார்டரை அவர்தான் கப்பலில் கொண்டு வந்தார். டிரங்குப் பெட்டி அளவு இருக்கும், இரண்டு ஆள் தூக்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் அதற்கு அதிகம் என்று நடுவில் ஓர் இரும்புப் பெட்டியை மாட்டியிருந்தார். அந்தப் பெட்டி நாள் முழுக்க ரீங்கரித்துக்கொண்டு சூடாகக் கிடக்கும். பள்ளிப் பூனை அதன் மேல்தான் தூங்கும்.

பாடம் பதிவதோடு என் வேலை முடியாது. பதிந்த டேப்பில் இருமல், தடுமாற்றம், வெளியே குரைத்த நாய் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, பிளேடால் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒட்ட வேண்டும். வெட்டிய துணுக்குகளை எறிய மனம் வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். எதற்கு என்று தெரியாது.

அக்டோபரில் பள்ளி மூடிவிடும். வெள்ளைக்காரர்கள் இறங்கிவிடுவார்கள், மழை பிடித்துக்கொள்ளும். மெஷினைச் சும்மா வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், நீர் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டும் என்று ஐயா சாவியைக் கொடுத்தார். என்னத்தை ஓட்டுவது? மேசை எங்கே இருக்கிறது என்று மழைக்காலத்திலும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. டின்னைத் திறந்தேன். அதில் அதிகம் இருந்தவை என் மூச்சுகள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நான் இழுக்கிற மூச்சு பெரிதாகக் கேட்கிறது என்று ஐயா எல்லாவற்றையும் வெட்டச் சொல்லியிருந்தார். நாற்பது மூச்சுகளை வரிசையாக ஒட்டி ஓட்டினேன்.

ஒரு பெண் பேசத் தொடங்குகிறாள், தொடங்குகிறாள், தொடங்கிக்கொண்டே இருக்கிறாள். பேசவே இல்லை. என்னால் உட்கார முடியவில்லை. மெஷினை அணைத்துவிட்டு, மழையில் ஏரியை ஒரு சுற்று சுற்றி, நனைந்து திரும்பி வந்து மறுபடியும் ஓட்டினேன். அது நான்தான், எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்னைப் பற்றி அவ்வளவு சரியாக யாரும் அதுவரை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. அந்த மெஷினுக்கு இரண்டு வேகம் உண்டு. வேகமாகப் பதிந்து மெதுவாக ஓட்டினால் எதுவும் பாதிக்குப் பாதி தாழ்ந்து, நீண்டு போகும். மூடுகிற கதவு மலைச்சரிவு மாதிரி கேட்கும். பழைய சத்தத்தை அழிக்கிற பாகத்துக்கு முன்னால் தீப்பெட்டி அட்டையைச் செருகினால், ஒரு சத்தத்தின் மேல் இன்னொன்றைப் பதியலாம். யாரும் சொல்லித் தரவில்லை. ஆத்திரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்துக் கற்றுக்கொண்டது. பஸ் மூச்சு வாங்கி மலையேறுவதைப் பதிந்தேன். தகரக் கூரையில் விழும் ஆலங்கட்டியைப் பதிந்தேன். ஒட்டுவேன், பிடிக்காது, பிய்ப்பேன். ஒட்டிய மூன்று நிமிஷம் ஒரு வாரம் நிற்கும், எட்டாம் நாள் வெட்டி எறிவேன்.

ஐயாவிடம் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நீர் செய்வதை எங்கள் தேசத்திலும் சிலர் செய்கிறார்கள். பத்திரிகையில் வாசித்தேன். கணக்குப் போடும் இயந்திரத்தைக் கொண்டுகூடச் சங்கீதம் உண்டாக்கப் பார்க்கிறார்களாம்" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்தது, அடுத்த நிமிஷமே எரிச்சல் வந்தது. அங்கே அவர்களுக்கு அறை அறையாக மெஷின் இருக்கும். எனக்கு ஒரு பிளேடும் பூனை தூங்கும் ஒரு பெட்டியும்.

இப்படி ஒட்டிச் சேர்த்த என் சத்தக் கோர்வைக்கு நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. மூச்சு முடிந்து பஸ் வருவதற்கு முன் ஏதோ ஒன்று வேண்டும், என்ன என்று தெரியவில்லை. துவைகல் சத்தம் சரியாக வரும் என்று பட்டது. பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஒரே சரிவில்தான் இருந்தன. மைக் ஒயர்களை ஒன்றோடொன்று முடிந்து வேலி வழியாக விட்டால் ஓடை வரைக்கும் எட்டும்.

அம்மா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "துணி தொவைக்கிற சத்தத்தக் கேக்க மெஷின் எதுக்கு? வெள்ளனே வந்து கல்லுப் பக்கம் நில்லு. சும்மாவே கேக்கலாம், ரெண்டு விரிப்பையும் அலசிக் குடுத்துட்டுப் போகலாம்."

"விடு மதினி, அதுக்கு அதுதான் சோலி" என்றாள் எதிர்க்கல் அத்தை. "ஏ புள்ள, நாங்க சிரிச்சாலும் அதுல விழுந்துருமா?"

"விழும். சிரிக்காதீங்க. பேசாதீங்க. அடிங்க."

நாலு நாள் பதிந்தேன். ஒன்றும் சரியில்லை. அம்மா, அத்தை, அம்மா, அத்தை என்று இடைவெளியே இல்லாமல் அடித்துக்கொண்டு போனது. மெதுவாக ஓட்டினாலும் மில் ஓடுகிற மாதிரிதான் இருந்தது. பிறகு தை மாதத்தில், புல்லெல்லாம் உறைபனி கிடந்த ஒரு காலையில் போனேன். அம்மா மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தாள். அத்தைக்குக் காய்ச்சல் கண்டு ஒரு வாரமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

"அத்தைக்கு எப்படிம்மா இருக்கு?" என்று ஒயரை இழுத்தபடியே கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"இரு இரு, பேசாத. மேல மெஷின ஓட விட்டுட்டுத்தான் வந்தேன். நல்லதாப் போச்சு, தனியாவே அடி" என்றேன்.

அம்மா அடித்தாள். ஓர் அடி, பிறகு வெற்றிடம், பிறகு ஓர் அடி. அன்று மத்தியானம் அத்தை போய்விட்டாள் என்று பள்ளிக்குச் செய்தி வந்தது. ஓடினேன், அழுதேன், கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன். அத்தையின் புருஷன் ஆஸ்பத்திரித் தோட்டக்காரர், அதிகம் பேசாதவர். குழிக்குள் போட மண்ணை எடுத்தவர், அதைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் நான் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைத்து என்ன செய்ய?

அந்தப் பதிவு நான் தேடியதேதான். மெதுவாக ஓட்டியபோது ஒவ்வோர் அடியும் எங்கோ பெரிய கதவு சாத்துவது போல விழுந்தது. அடிக்கும் அடிக்கும் நடுவில் அந்த வெற்றிடம். அதற்குள் தண்ணீர் சொட்டுவதும் அம்மா மூச்சு விடுவதும் கேட்கும். அடுத்த அடி வராதோ என்று நினைக்கும்போது வரும். என் ஒன்பது நிமிஷக் கோர்வைக்கு உயிர் அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருந்தது. மார்ச்சில் கடைசி ஒட்டு ஒட்டினேன். அதன் பிறகு அதில் கை வைக்கவில்லை.

மே மாதம் பட்டணத்து வானொலியில் பெரிய அதிகாரி ஒருவர் ஏரிக்கு மேலே வீடெடுத்துத் தங்கினார். ஐயா அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "நாடகத்துக்குச் சத்தம் சேர்க்கிற பிரிவுக்கு ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். ஆனா இங்க வேண்டாம்மா, மெஷினைப் பார்த்தாலே தலை வலிக்குது, ஓய்வுக்கு வந்திருக்கேன். ஜூலையில பட்டணத்துக்கு எடுத்துட்டு வா, கேட்கிறோம்" என்றார். அந்த இரண்டு மாதம் நான் தரையில் நடக்கவில்லை. கேட்டுவிட்டால் போதும், வேலை கிடைத்துவிடும், மலையை விட்டு இறங்கிவிடலாம். மேசை எங்கே இருக்கிறது என்று இனி வேறு யாராவது கேட்கட்டும்.

அந்த நாட்களில் ஒரு கடிதம் வந்தது. அய்யம்பாளையத்தில் இருந்த ஒரு போதகர் மனைவி தனக்கென்று சொந்தமாக ஓர் இங்கிலாந்து டேப் மெஷின் வாங்கியிருந்தார். ஐயா அவருக்குப் பாடம் பதிந்த டேப் ஒன்று அனுப்பியிருந்தார். 'பாடம் நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் பேசும் சிறுமி யார்? கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தார் அந்த அம்மாள். ஐயா சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. காது கேட்காதவர்களெல்லாம் எதற்குத் தமிழ் படிக்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு அதை அத்தோடு மறந்தேன்.

ஜூலையில் டேப்பைச் சேலைக்குள் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோடை ரோட்டில் ரயில். பட்டணத்தில் அந்தக் கண்ணாடி அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி, இரண்டு உதவியாளர்கள், மெஷினைக் கவனிக்கிற இன்ஜினீயர் ஒருவர். இன்ஜினீயர் டேப்பை மாட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

சத்தம் வந்தது. என்னுடையது இல்லை. என் மூச்சுகள் நாய் இரைப்பதைப் போலத் துரத்திக்கொண்டு ஓடின. ஓர் உதவியாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார். துவைகல் வந்தபோது அதிகாரியே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "யாரோ நொண்டி ஆடுற மாதிரி இருக்கும்மா" என்றார். பஸ் மலையேறும் சத்தம் வந்ததும் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். கேலி இல்லை, உண்மையிலேயே சந்தோஷமாகச் சிரித்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"இது இல்ல" என்றேன். "இது வேற. வெயில்ல டேப் சுருங்கிப் போச்சு. மலையில வந்து கேளுங்க." உளறினேன் என்று சொல்லும்போதே தெரிந்தது.

இன்ஜினீயர் மட்டும் சிரிக்கவில்லை. "எந்த ஊர் மெஷின்ல பதிஞ்சீங்க?" என்று கேட்டார். அமெரிக்கா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவர்கள் ஊர் மின்சாரம் விநாடிக்கு அறுபது தடவை துடிக்குமாம், நம் ஊரில் ஐம்பதுதான். அந்த மோட்டார் துடிப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற ஜாதி. நடுவில் வைத்த இரும்புப் பெட்டி மின்சாரத்தைக் குறைக்கும், துடிப்பை மாற்றாது. ஆக எங்கள் மெஷின் இத்தனை வருஷமும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடியிருக்கிறது. "மெதுவாப் பதிஞ்சீங்க, மெதுவாவே கேட்டீங்க. அதனால உங்க காதுக்குச் சரியா இருந்துச்சு. வேற எந்த மெஷின்ல போட்டாலும் இப்படித்தாங்க ஓடும்." அய்யம்பாளையத்து அம்மாளின் சிறுமி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

"உங்க மெஷினை மெதுவாக்க முடியாதா?"

"டேப்பை இழுக்கிற கம்பியில எதையாவது சுத்தித் தடிமனாக்கலாம், வேகம் கூடும். மெலிசாக்க முடியாதே. அந்த மெஷினை இங்க கொண்டு வாங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒரு மணி நேரத்துல சரியான நகல் எடுத்துத் தர்றேன்."

அதிகாரிக்கு இதெல்லாம் வீண் பேச்சாகப் பட்டது. "எதுக்குச் சரி பண்ணணும்? இதுதானே நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை சிறுவர் நிகழ்ச்சியில போடுவோம். இதே மாதிரி வாராவாரம் பண்ணிக் குடு. வேலைக்குக் கடிதம் அனுப்பச் சொல்றேன்" என்றார். இன்றைக்குப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டி எந்தச் சத்தத்தையும் வேண்டிய அளவுக்கு இழுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. எங்கள் மெஷினைக் கொண்டு வரப் பதினைந்து நாள் அவகாசம் கேட்டு, டேப்பைக் கையோடு வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பினேன்.

பள்ளி வாசலில் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஐயா விடுப்பில் ஊருக்குப் போகிறார், மெஷினும் அவரோடு போகிறது. அடுத்த வாரம் கொச்சியில் கப்பல். பட்டணத்துக்கு அனுப்பித் திரும்பப் பெற நாள் இல்லை. "நான் மிகவும் வருந்துகிறேன்" என்றார். உண்மையில் வருந்தினார். மெஷினைக் கடைசிப் பெட்டியில் வைத்து நாலாம் நாள்தான் ஆணி அடிக்கச் சொல்வதாகவும், அதுவரை நான் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார். நான் அறைக்குள் நடந்தேன், வராந்தாவில் நடந்தேன். நான் செய்த ஒன்று, செய்தபடி ஒலிக்க உலகத்திலேயே ஓர் இடம்தான் இருந்தது. அந்த அமெரிக்க மெஷினும் எங்கள் மலை மின்சாரமும் ஒன்றாக இருக்கும் இந்த அறை. இன்னும் நாலு நாளைக்கு.

யாராவது ஒருத்தர் அதைக் கேட்டுவிட வேண்டும். அம்மாவைக் கூட்டி வந்தேன்.

அதுவரை அவள் கேட்டதில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஐயாவின் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "வெரசா முடிச்சிருவியா? கொடியில துணி கெடக்கு" என்றாள். மெஷினை ஓட்டினேன். மூச்சுகள் வந்தன. "என்ன இது, ஒனக்கு இளைப்பா?" என்றாள். பிறகு துவைகல் வந்தது.

அம்மா தலையைத் தூக்கவில்லை. முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் அவள் வலது கை மடியிலிருந்து லேசாக எழும்பி அப்படியே நின்றது. அந்த ஒரு நிமிஷம் முழுக்கக் கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் சத்தம் வந்ததும் மெஷினை நிறுத்தச் சொன்னாள்.

"இது அவ போன அன்னைக்கு அடிச்சது."

"ஆமாம்மா. அன்னைக்குக் காலையில. செய்தி மத்தியானம்தானே வந்துச்சு."

"ஒனக்கு மத்தியானம் வந்துச்சு. அவ விடியக்காலமே போயிட்டா. அவ கெடந்த விரிப்பத்தான் தொவச்சுக்கிட்டு இருந்தேன். வேற யாரும் தொட வேணாம்னு நாந்தான் வாங்கியாந்தேன்." மெஷினைக் கையால் காட்டினாள். "பாரு, அவ அடிக்கிற எடம் சும்மா கெடக்கு. எனக்கு ஒத்தையா அடிக்கத் தெரியல. விட்டு விட்டுத்தான் வந்துச்சு."

"ஏம்மா எங்கிட்ட அன்னைக்கே சொல்லல?"

"சொல்ல வந்தேன். பேசாத பேசாதன்னு கத்திக்கிட்டு நின்னியே."

அம்மா எழுந்தாள், மெஷினைச் சுற்றி வந்து பார்த்தாள், சுருளை ஒரு விரலால் தொட்டாள். "இதுவும் ரேடியோவுல வருமா?" என்று கேட்டாள்.

"வரும்மா" என்றேன். பிறகு, "ஆனா அங்க வேகமா ஓடும். இப்படி இருக்காது" என்றேன்.

"வெரசா ஓடுனா என்ன. எங் கல்லு எனக்குத் தெரியாமப் போயிருமா?" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டாள்.

நான் வேலையை வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். மூன்று மணி வத்தலக்குண்டு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, கால் அதன் பின்னால் நாலு எட்டுப் போய்விட்டது. என்னால் முடியவில்லை. போகத்தான் போகிறேன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த அதிகாரியின் சிரிப்பு காதிலேயே நின்றது. நொண்டி ஆடுற மாதிரி. அத்தை நிற்க வேண்டிய இடத்தில் ஊர் ஊராகப் பிள்ளைகள் உட்கார்ந்து சிரிக்கும், அதை அம்மாவும் கேட்பாள். அது நடக்கக் கூடாது.

திரும்பி வந்து பிளேடை எடுத்தேன். துவைகல் தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து வெட்டினேன், முடியும் இடத்தில் வெட்டினேன். மூச்சையும் பஸ்ஸையும் நேராக ஒட்டினேன். ஒட்டு தெரியவே இல்லை, அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. வெட்டியதைக் கையில் பிடித்துப் பூ அளப்பது போல முழங்கையில் அளந்தேன். பன்னிரண்டு முழம். அதைச் சுருட்டிப் பிஸ்கட் டின்னில் வைத்தேன். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவளைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. நாலாம் நாள் பெட்டிக்கு ஆணி அடித்தார்கள், அந்த வாரமே நான் வேலையில் சேர்ந்தேன்.

ஒலிபரப்பாகும் ஞாயிற்றுக்கிழமையை அம்மாவுக்குக் கார்டில் எழுதிப் போட்டிருந்தேன். கேட்டாளா என்று பதில் வரவில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது, யாரிடமாவது சொல்லித்தான் எழுத வேண்டும், அதனால் நான் எதிர்பார்க்கவும் இல்லை. பட்டணத்தில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. வாராவாரம் புதிது புதிதாகச் செய்தேன், குரங்கு, ரயில், தும்முகிற தாத்தா. எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மலைக்குப் போனேன். வீட்டுக்குள் நுழைந்து பையை ஆணியில் மாட்டினேன். அம்மா காப்பி கொடுத்தாள், இளைத்துவிட்டேன் என்றாள், எதிர்க் கல்லுக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்ணுக்கு அடிக்கவே தெரியவில்லை என்று குறைப்பட்டாள். வானொலியைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"கேட்டியாம்மா அன்னைக்கு?" என்றேன்.

அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பேக்கரிக் கடையில கேட்டோம். சலவைக்காரங்க, வார்டு ஆயாமாரு, மொத்தம் பதினாலு பேரு. வேலைய முடிச்சிட்டு வெள்ளனே போயி ஒக்காந்துட்டோம். அவ புருஷனையும் கையப் பிடிச்சுக் கூட்டியாந்து ரேடியோவுக்குப் பக்கத்துல ஒக்கார வச்சேன். ஒன் பொஞ்சாதி நின்ன எடம் இதுல வரும், நல்லாக் கேளுன்னு சொன்னேன்."

என் கண் ஆணியில் தொங்கிய பைக்குப் போனது.

"ஒன் மூச்சு வந்துச்சு. பஸ்ஸு வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாக. அவரு சிரிக்கல, காதக் குடுத்துக்கிட்டே இருந்தாரு. இப்ப வரும், இப்ப வரும்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன். கடைக்காரரு முடிஞ்சிருச்சுன்னு அணச்சிட்டாரு." டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங் கல்லு எங்க, புள்ள?"

பன்னிரண்டு முழமும் என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய பைக்குள், அந்த டின்னில் இருந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அம்மா சுருளைக் கொஞ்சம் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகு காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.